சாயவேர் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு எந்தப் பீடம்?

மருத்துவத்துக்கு மகளின் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சைப் புள்ளி) காணாது, அவளோ துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் சாயவேரைப் பற்றித்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "வேர் கிண்டியா அம்மா சீவிக்கிறது?" என்ற உங்கள் பயம் நியாயமானது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் ஒல்லாந்தரின் வணிகக் கும்பனியின் தனியுரிமையாக இருந்தது. 1868இல் கிரேபே, லீபர்மான் என்ற இரசாயனவியலாளர்கள் ஜெர்மனியில் அதன் சிவப்பு நிறப்பொருளான அலிசரினை ஆய்வுகூடத்தில் செய்தார்கள். அதற்குப் பிறகு வேருக்கு ஏது சந்தை?

சரி, பிள்ளை கேட்பது வியாபாரத்தை அல்லவே. மணலில் கிடக்கும் ஒரு சின்னச் செடி அந்தச் சிவப்பை எப்படிக் கட்டுகிறது என்று கேட்கிறாள். கெட்டிக்காரி. அலிசரின் மூலக்கூறில் மூன்று காபன் வளையங்கள் உண்டு. மஞ்சிட்டி, நுணா, சாயவேர் அடங்கிய ரூபியேசியே குடும்பத்தில் ஒரு வளையம் செடிக்குள் உண்டாகும் கொரிஸ்மேற்று என்ற சேர்வையிலிருந்து வருகிறது, இன்னொன்று ஐசோப்பிரீன் என்ற ஐந்து காபன் அலகிலிருந்து. நிலாவாரையிலும் அலிசரினைப் போன்ற மூவளையச் சேர்வைகளான அந்திராகுயினோன்கள்தான், ஆனால் அங்கே அசற்றேற்று என்ற இரண்டு காபன் அலகுகளைக் கோத்துக் கட்டுகிறது செடி. வேரை அவித்தால் மட்டும் துணியில் சாயம் நிற்காது. படிகாரத்தின் அலுமினியம் பிடித்தால் சிவப்பு, இரும்பு பிடித்தால் கருமை. எல்லாம் இரசாயனவியல். அதில் மட்டுமட்டாகத் தேறுகிற பிள்ளை என்றால் இப்போதே அதைத் தூக்கி நிறுத்தவேண்டும்.

இதே செடியைச் சித்த மருத்துவத்தில் இம்பூறல் என்று இருமலுக்கும் இரத்தக் கசிவுக்கும் கொடுக்கிறார்கள். நோயாளியைப் பார்க்க விருப்பமென்றால் கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பு நல்லது. அரச நியமனத்துக்குக் காத்திருக்கவேண்டி வரலாம், அதையும் அவளிடம் சொல்லிவையுங்கள். பயிர்செய்கை என்றால் அதே பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி விவசாய பீடம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவளுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள விஞ்ஞான பீடத்தில் உயிரியல் விஞ்ஞானம்தான் பொருந்தும், கூடவே இரசாயனவியலையும் விடாமல். மருந்து, உணவு, அழகுசாதனப் பொருட்களைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடங்களுக்கு இந்தச் சேர்க்கை உதவும். ஐரோப்பிய மஞ்சிட்டி வேரிலுள்ள லூசிடின் என்ற சேர்வை மரபணுவைப் பாதிக்கக்கூடியது. இயற்கைச் சாயம் என்று விற்பவருக்கும் அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும்தானே.

சாயத் தொழில் தொடங்கும் கதையைப் பட்டம் முடியும்வரை தள்ளிவையுங்கள், அதற்காக நகை அடகு வைக்காதீர்கள். விண்ணப்பம் நிரப்பும்போது உயிரியல் விஞ்ஞானத்தை மேலே போட்டு, சித்த மருத்துவத்தை அடுத்ததாகப் போடச் சொல்லுங்கள்.