‘நாங்கள் காட்டிய வீட்டில் நீ சமைக்கக் கூடாது’: ஏஜென்சியின் நிபந்தனை செல்லுமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 31. கேட்டரிங் டிப்ளமோ முடித்துச் சில வருடம் ஓட்டல் கிச்சனில் இருந்தேன். அப்புறம் சென்னையில் ஒரு ஏஜென்சி மூலமாக வீடுகளுக்குப் போய்ச் சமைக்க ஆரம்பித்தேன். காலையில் அடையாறில் ஒரு வீடு, மாலையில் ஆர்.ஏ.புரத்தில் ஒரு வீடு. சம்பளம் ஏஜென்சிதான் தரும், மாதம் 28,000. ஆர்.ஏ.புரம் வீட்டில் பெரியவருக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு பிபி. அதற்குத் தகுந்தபடி நான் சமைப்பது பிடித்துப்போய், “நேராகவே எங்களிடம் வந்துவிடு, 38,000 தருகிறோம்” என்கிறார்கள். ஏஜென்சிக்கு ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து நின்றுவிட்டேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. விலகி இரண்டு வருடத்துக்கு அவர்கள் காட்டிய வீட்டிலும், சென்னையில் வேறு எந்த வீட்டிலும் சமைக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். மீறியதற்கு 2 லட்சம் கேட்கிறார்கள். 15 நாளில் தராவிட்டால், சேரும்போது நான் கொடுத்த கையெழுத்து மட்டும் போட்ட செக்கை வங்கியில் போடுவார்களாம். கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை, டிப்ளமோ ஒரிஜினலும் அவர்களிடம்தான் இருக்கிறது. நான் எழுதி வைத்த சமையல் நோட்டையும் கேட்கிறார்கள். பேசாமல் வங்கிக் கணக்கை மூடிவிடலாமா?

பதில்: கணக்கை மூடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தக் கடைசி வரிதான். 2 லட்சம் மிரட்டலைவிட, நீங்கள் கொடுத்த அந்த ஒற்றை செக்கில்தான் ஆபத்து அதிகம்.

கணக்கை மூடிவிட்டால் செக் திரும்பும், ஆனால் வழக்கு வராது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ‘கணக்கு மூடப்பட்டது’ என்று செக் திரும்பினாலும், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு பாயும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. பணம் தராதே என்று வங்கிக்கு எழுதிக் கொடுப்பதும் தனியாக உங்களைக் காப்பாற்றாது. தொகை, தேதி எதையும் நிரப்பாமல் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்காக இருந்தாலும், கடனுக்காகத்தான் கொடுத்தார் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். 2019-இல் பீர் சிங் வழக்கில் தீர்ப்பு அப்படித்தான் வந்தது. அதற்குப் பிறகு ‘கடனே கிடையாது’ என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

பயப்பட வேண்டாம். கடன் இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நம்பும்படியாகக் காட்டினால் போதும். அதற்கான காகிதங்கள் இப்போதே, செக் வங்கிக்குப் போவதற்கு முன்பே உருவாக வேண்டும். செக் புத்தகத்தின் அடிக்கட்டையைத் தேடி எடுங்கள். எந்த எண் கிழிபட்டிருக்கிறது என்று அதில் தெரியும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, ‘வேலையில் சேரும்போது தொகையும் தேதியும் எழுதாமல் வாங்கிக்கொண்டீர்கள், உங்களிடம் நான் ஒரு ரூபாய் கூடக் கடன் வாங்கவில்லை, செக்கைத் திருப்பித் தாருங்கள்’ என்று நோட்டீஸுக்கு ஒரு வக்கீல் மூலம் பதில் போகட்டும். நீங்களே எழுதினாலும் தப்பில்லை. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதன் நகலோடு வங்கிக்கும் ‘பணம் வழங்க வேண்டாம்’ என்று காரணம் சொல்லி எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலும் அவர்கள் செக்கைப் போட்டுத் திரும்பினால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் உங்களுக்குத் தனியாக நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். இப்போது வந்திருப்பது அந்த நோட்டீஸ் அல்ல, வெறும் மிரட்டல் கடிதம். அந்த நோட்டீஸ் வந்து 15 நாள் உங்களுக்கு அவகாசம்; அது முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் அவர்கள் வழக்குப் போட வேண்டும். அப்படி ஒரு கவர் வந்தால் தபால்காரரிடம் ‘ஆள் ஊரில் இல்லை’ என்று வீட்டில் சொல்ல வைக்காதீர்கள். சரியான முகவரிக்கு வந்த கவரை வாங்காமல் திருப்பினாலும், வந்து சேர்ந்ததாகவே சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பதில் சொல்லும் வாய்ப்பு மட்டும் உங்கள் கையைவிட்டுப் போகும்.

சரி, அந்த நிபந்தனைக்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யாதே என்று சொல்லலாம். 1967-இல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. வேலையைவிட்டு வெளியே வந்த பிறகும் கையைக் கட்டிப்போடும் நிபந்தனை செல்லாது என்பதை 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட பெர்செப்ட் வழக்கிலும் அழுத்திச் சொன்னது. அவ்வளவு பெரிய விளையாட்டு வீரரையே ஒரு நிறுவனம் தடுக்க முடியவில்லை. அடையாறில் சாம்பார் வைக்கிறவரைச் சென்னை முழுக்கச் சமைக்கக் கூடாது என்று தடுத்துவிட முடியுமா?

நோட்டீஸ் எழுதிய வக்கீல் 2025 மே மாதத்து விஜயா வங்கி தீர்ப்பை எடுத்துப் போட்டாலும் போடுவார். அதில் மூன்று வருடம் முடிவதற்குள் விலகிய ஊழியர் 2 லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. தொகை ஒன்றாக இருப்பதைப் பார்த்துக் கலங்காதீர்கள். அது வேலையில் குறைந்தபட்சக் காலம் இருப்பேன் என்ற நிபந்தனை, அதுவும் ஒரு பொதுத்துறை வங்கியில். உங்கள் ஒப்பந்தத்தில் அப்படிக் குறைந்தபட்சக் காலம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். எழுதியிருந்து அது முடிவதற்குள் நின்றிருந்தால் என் பதில் கொஞ்சம் மாறும். உங்கள் கடிதத்தில் ஒரு மாத நோட்டீஸ் பற்றி மட்டுமே இருப்பதால், அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஒருவேளை நிபந்தனை செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், தாளில் 2 லட்சம் என்று அச்சடித்திருப்பதால் 2 லட்சம் கிடைத்துவிடாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அது உச்ச வரம்பு மட்டும்தான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்பது கைலாஷ்நாத் வழக்கில் (2015) தெளிவாகிவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. ‘எங்கள் வாடிக்கையாளரை நீயாகப் போய் இழுக்காதே’ என்ற நிபந்தனையைச் சில நீதிமன்றங்கள் தனியாகப் பார்த்து ஏற்றிருக்கின்றன. நீங்கள் போய்க் கேட்டீர்களா, அவர்கள் கூப்பிட்டார்களா என்பது அப்போது முக்கியம். உங்கள் கதையில் கூப்பிட்டது வீட்டுக்காரர்கள். அது வாட்ஸ்அப்பில் இருந்தால் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். போன் மாற்றினாலும் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏஜென்சிகள் வீட்டுக்காரர்களிடமும் தனியாகக் கையெழுத்து வாங்குவது வழக்கம். ஆளை நேராக எடுத்துக்கொண்டால் இத்தனை மாதக் கட்டணம் தர வேண்டும் என்று அதில் இருக்கலாம். அது அவர்களுக்கும் ஏஜென்சிக்கும் இடையிலான கணக்கு. உங்களுக்குப் போட்ட தடையைப் போல அது சுலபமாக உடையாது. பின்னால் அந்தத் தொகையை உங்கள் சம்பளத்தில் கழிக்கப் பார்ப்பார்கள். யார் தருவது என்று இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

சம்பள விஷயத்தில் உங்கள் பக்கம் பலமானது. உங்கள் ஒப்பந்தத்தில் ‘சேவைப் பங்காளர்’ மாதிரி ஏதாவது பெயர் இருந்தால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், யார் லீவு தருவது, மாதச் சம்பளம் யார் கணக்கிலிருந்து வந்தது என்பதைத்தான் பார்ப்பார்கள். இது மூன்றும் ஏஜென்சி என்றால் நீங்கள் அவர்களுடைய ஊழியர் என்று வாதாடலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஊழியர் ராஜினாமா செய்தால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருடத்துக்குள் உரிய அதிகாரியிடம் மனு போடலாம். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு, வங்கிக் கணக்கு அறிக்கையும் நீங்கள் நோட்டீஸ் கொடுத்த செய்தியும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே நீங்கள் ஊழியரே இல்லை என்று ஏஜென்சி வாதாடி ஜெயித்தாலும், சிவில் வழக்குப் போட உங்களுக்கு மூன்று வருடம் இருக்கிறது. அதற்கு முன்பு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால், வழக்குப் போடாமலேயே லோக் அதாலத்தில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். 15100 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். 28,000 ரூபாய்க்கு நான் முதலில் தேர்ந்தெடுக்கும் வழி இதுதான்.

டிப்ளமோ ஒரிஜினலை யாரும் அடமானப் பொருளாக வைத்துக்கொள்ள முடியாது. படிப்புச் சான்றிதழ் விற்கக்கூடிய சரக்கு அல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கும் உரிமை கிடையாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதில் நோட்டீஸிலேயே ஏழு நாள் கெடு வைத்துக் கேளுங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ‘இது சிவில் மேட்டர்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ரசீது இல்லாமல் வராதீர்கள். பல ஏஜென்சிகள் அந்த ரசீதின் நகலைப் பார்த்ததுமே சான்றிதழைக் கூரியரில் அனுப்பிவிடும்.

நோட்டு விஷயம் கொஞ்சம் வேடிக்கை. வெந்தயம் எத்தனை, சோம்பு எத்தனை என்ற செய்முறைக்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது. கைப்பக்குவமும் உங்களுடையது. ஆனால் ஏஜென்சிக்காகவே, அவர்கள் சொல்லி எழுதிக் கொடுத்த வாராந்தர மெனு அட்டை மாதிரி ஏதாவது இருந்தால், எழுதப்பட்ட அந்த வடிவத்துக்கு அவர்கள் உரிமை கேட்க முடியும். அதை மட்டும் கொடுத்துவிடுங்கள். சொந்தமாக எழுதிய நோட்டைத் தர வேண்டியதில்லை.

இனி நீங்கள் கேட்காத விஷயம். 38,000 ரூபாய்க்கு அந்த வீட்டில் நேராகச் சேர்ந்த நாளிலிருந்து, இதுவரை உங்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பில் பெரும் பகுதி போய்விடுகிறது. 2020-ஆம் வருடத்துத் தொழில் உறவுகள் தொகுப்பு வீட்டு வேலையைத் ‘தொழில்’ என்ற வரையறையிலிருந்தே விலக்கியிருக்கிறது. திடீரென்று நாளை முதல் வர வேண்டாம் என்றால் தொழிலாளர் நீதிமன்றம் போக முடியாது. வீட்டுக்காரர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சம்பளத் தேதி, வேலை நேரம், வார விடுமுறை, நிற்பதற்கும் நிறுத்துவதற்கும் ஒரு மாத அவகாசம், விருந்தாளி வந்து பத்துப் பேருக்குச் சமைத்தால் தனியாக எவ்வளவு, அடுப்பில் கை சுட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதெல்லாம் அதில் வரட்டும். நான் பார்த்தவரை சண்டை அதிகம் வருவது மளிகைக் கணக்கில்தான். மார்க்கெட்டுக்குப் பணம் வாங்கினால் பில்லைப் போட்டோ எடுத்து அன்றே அனுப்பிவிடுங்கள். பெரியவருக்கு என்ன கொடுக்கலாம், எது கூடாது என்பதை டாக்டரோ டயட்டீஷியனோ எழுதிக் கொடுத்த தாளின் நகலும் உங்களிடம் இருக்க வேண்டும். ஒருநாள் அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டால் முதல் கேள்வி சமையல் பக்கம்தான் வரும்.

வீட்டில் வெள்ளிச் சாமான் காணோம் என்றால் சந்தேகமும் முதலில் உங்கள் பக்கம்தான் திரும்பும். வேலையாள் திருட்டுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 306-ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. ஆனாலும் எடுத்த எடுப்பில் கைது செய்துவிடக் கூடாது. பெரும்பாலும் முதலில் ஆஜராகச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். வாய்மொழியாக ‘ஸ்டேஷனுக்கு வா’ என்றால் அந்த நோட்டீஸைக் கேளுங்கள். சேரும்போதே காவல்துறைச் சரிபார்ப்புக்கு நீங்களாகவே சம்மதித்துவிடுவது நல்லது. வெள்ளிப் பாத்திர அலமாரிச் சாவியை மட்டும் கையில் வாங்காதீர்கள்.

வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தால் விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று சில கிடைக்கும். தொகை பெரிதல்ல, ஆனாலும் பதிந்து வையுங்கள். உங்கள் சொந்த வீட்டில் சமைத்து டப்பா கட்டி விற்கும் யோசனை பின்னால் வந்தால், அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். அடுத்தவர் வீட்டு அடுப்பில் சம்பளத்துக்குச் சமைப்பதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நோட்டீஸ் கையில் கிடைத்த தேதியைக் கவரின் மேலேயே எழுதி வையுங்கள். செக் அடிக்கட்டை, ஒப்பந்த நகல், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே பக்கத்தில் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஒப்பந்த நகல் உங்களிடம் இல்லையென்றால், அது எனக்குத் தரப்படவே இல்லை என்பதைப் பதில் நோட்டீஸின் முதல் பத்தியில் எழுதச் சொல்லுங்கள்.