ராஜா பெயரில் உள்ள மின்னஞ்சலை அழிக்க வேண்டாம்

தம்பி, 'ராஜாவெறியன்1976' என்ற முகவரியோடு வேலைக்கு விண்ணப்பித்தால் தப்பாக நினைப்பார்களோ, கணக்கையே அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அழிக்காதீர்கள். 1976 இளையராஜா சினிமாவுக்கு இசையமைக்க வந்த ஆண்டு. அதைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவருக்கு அது வெறும் எண்ணா?

வேலைக்கு மட்டும் சொந்தப் பெயரில் புதிதாக ஒரு ஜிமெயில் தொடங்குங்கள். பழைய கணக்கின் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் போட்டுவிட்டால், அங்கே வருவதெல்லாம் புதியதற்கே வந்து சேரும். ஆனாலும் பழையதை அவ்வப்போது திறந்து பாருங்கள். 2 ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம்.

பைக் டேங்கில் இருக்கும் ராஜா ஸ்டிக்கரையும் கிழிக்கணுமா என்றீர்களே, அது எதற்கு? அப்பா ராஜா படம் ஒட்டிவைத்த கேசட் பெட்டி இன்றைக்கும் என் அலுவலக மேசையில்தான் இருக்கிறது. நேர்காணலுக்கு அந்த வண்டியிலேயே போங்கள்.