பகலில் தடுமாறும் பூனை இரவில் எலி பிடிப்பது எப்படி?

கேள்வி: தானியக் கிடங்கில் எலித் தொல்லைக்காக ஒரு பூனை வளர்க்கிறேன். வயது மூன்று இருக்கும். ராத்திரி முழுக்க வேட்டையாடுகிறது. ஆனால் பகலில் இறைச்சித் துண்டை மூக்குக்கு நேரே வைத்தாலும் கண் தெரியாதது மாதிரி மோந்து மோந்து தேடுகிறது. கண்ணில் கோளாறா? மாட்டுக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் ஊசி மருந்து மிச்சம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் கொடுக்கலாமா? இரவில் கிடங்கில் விளக்கு எரியவிட்டால் அதற்கு உதவியாக இருக்குமா?

பதில்: முதலில் அந்த மருந்துப் புட்டியை எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் பூனைக்குக் கண் கெட்டிருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை. ஆனால் அந்த மருந்தால் கண் கெடலாம். மாடு, கோழிகளுக்குப் பரவலாகக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் அளவு மீறினால் பூனையின் விழித்திரையை அழித்துவிடும். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் பூனைக்குக் கூடாது. நாலு கிலோ பூனைக்கு நாள் முழுவதற்கும் 20 மில்லிகிராம்தான் உச்சம். மாட்டுக்கான ஊசி மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருப்பதுண்டு. கண்ணளவாக ஒரு சொட்டு கூடினாலும் போன பார்வை திரும்புவது அரிது. பெயர் எதுவானாலும், மாட்டு மருந்தை டாக்டர் சொல்லாமல் பூனைக்குக் கொடுக்காதீர்கள்.

இனி கண்ணுக்கு வருவோம். பூனைக்குப் பிறவியிலேயே வெள்ளெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணில் லென்ஸின் வடிவத்தை மாற்றிக் கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாக்கும் தசை வலுவானது. பூனைக்கு அது நோஞ்சான். சுமார் 25 செ.மீ., அதாவது ஏறக்குறைய ஒரு சாணுக்குள் இருக்கும் எதுவும் அதற்கு மங்கல்தான். அந்த இடத்தில் மூக்கும் மீசையும்தான் வேலை செய்கின்றன. இரையைக் கவ்வும் நேரத்தில் பூனையின் முகத்தைப் பாருங்கள்: பக்கவாட்டில் நின்ற மீசை முடிகள் அத்தனையும் முன்பக்கம் வளைந்து வந்திருக்கும். கண் விட்ட வேலையை மீசை எடுத்துக்கொள்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அதே துண்டை மூன்று நான்கு சாண் தள்ளி வைத்து, ஒரு குச்சியால் வெடுக்கென்று நகர்த்துங்கள். கண் நன்றாக இருந்தால் அந்த நொடியே பாயும். அசையாமல் கிடப்பதைவிட ஓடுவதைத்தான் பூனையின் கண் முதலில் பிடிக்கும். மிக மெதுவாக நகர்வதை நாம் கண்டுகொள்வோம், அது தவறவிடும். ஆபத்து என்றால் எலி கல்லாய் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பூனையும் அசையாமல் காத்திருக்கும். எலி ஓடத் தொடங்கிய அந்தக் கணத்தோடு கதை முடிந்தது.

தூரத்துப் பார்வையிலும் நாம்தான் மேல். நாம் 30 மீட்டர் தள்ளி நின்று தெளிவாகப் பார்ப்பதைப் பூனை சுமார் 6 மீட்டர் வரை நெருங்கி வந்துதான் அதே தெளிவில் பார்க்கும். நிறமும் அதற்குக் குறைவு. நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். நாம் பார்க்கும் பளிச்சென்ற நிறங்கள் அதற்கு வெளுத்துப்போன துணி மாதிரி. எலி மருந்துக்குச் சாயம் ஏற்றியிருப்பதால் பூனை ஒதுங்கிக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். அந்தச் சாயம் மனிதர் பார்த்து எச்சரிக்கையாக இருப்பதற்காக. மருந்தை விட்டுவிட்டாலும், மருந்து தின்ற எலியைப் பூனை தின்னும். விஷம் அந்த வழியாக உள்ளே போகும். பூனை வேட்டையாடும் கிடங்கில் எலி விஷம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

சரி, இவ்வளவு குறையோடு ராத்திரியில் எப்படி ஜெயிக்கிறது? டார்ச் அடித்தால் பூனையின் கண் பச்சையாக மின்னுகிறதே, பதில் அங்கேதான் இருக்கிறது. விழித்திரைக்குப் பின்னால் ரசம் பூசிய கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. உள்ளே வந்த ஒளியில் விழித்திரை பிடிக்காமல் விட்டதை அது திருப்பி அனுப்பும்; செல்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும். நமக்கு அந்தப் படலம் கிடையாது. உங்கள் மாட்டுக்கும் உண்டு, கொட்டகையில் டார்ச் அடித்தால் தெரியும். அதோடு, மங்கலான ஒளியில் வேலை செய்யும் குச்சி வடிவச் செல்கள் பூனைக்கு ஏராளம். நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு அதற்குப் போதும்.

மூன்றாவது, கண்மணி. உச்சி வெயிலில் அது நூல் போன்ற நெட்டுக்கோடு. கருக்கலில் பார்த்தால் கண் முழுக்கக் கறுப்பாக விரிந்திருக்கும். அந்தத் திறப்பின் பரப்பைப் பூனை சுமார் 135 மடங்கு வரை கூட்டிக் குறைக்கும். நம்முடைய வட்டக் கண்மணிக்கு அது 15 மடங்குதான். ஆடு வைத்திருந்தால் அதன் கண்ணையும் பாருங்கள், கோடு படுக்கையாக இருக்கும். இரண்டும் காரணத்தோடு அமைந்தவை என்று 2015-இல் வந்த ஆய்வு ஒன்று விளக்குகிறது. நெட்டுக்கோடு, தரையோடு பதுங்கி நின்று இரை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று துல்லியமாகக் கணிப்பதற்கு. படுக்கைக்கோடு, மேயும்போதே அக்கம்பக்கம் முழுவதையும் கண்காணிப்பதற்கு. ஆடு தலையைக் குனிந்து மேயும்போது, அந்தக் கோடு தரைக்கு இணையாகவே இருக்கும்படி கண்ணே உள்ளுக்குள் சுழன்றுகொள்ளும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்காது.

ஆனால் வெளிச்சமே இல்லாத கும்மிருட்டில் பூனைக்கும் கண் தெரியாது. ஆறில் ஒரு பங்கு என்றாலும் அந்தப் பங்கு இருக்க வேண்டுமே! அப்போது காதும் மீசையும்தான் துணை. நமக்கு எட்டாத எலிகளின் கீச்சொலிகூட அதற்குக் கேட்கும். அதனால் கிடங்கை நான்கு பக்கமும் அடைத்து இருட்டாக்கிவிடாதீர்கள். மேலே ஒரு சின்னக் கம்பிவலைத் திறப்பு இருந்து, வெளி வானத்தின் ஒளி வந்தாலே போதும். பளிச்சென்று விளக்கு எரியவிடுவதால் பூனைக்கு லாபம் இல்லை; மங்கலில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும் அனுகூலம் போய்விடும், எலியும் மறைவிடத்தை விட்டு வராது. வேட்டையில் இருக்கும் பூனையின் முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள். கண் மறுபடி இருட்டுக்குப் பழக நேரம் பிடிக்கும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அந்தக் கண்ணுக்குத் தீனியும் வேண்டும். டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். இது 1975-லேயே நிரூபணமானது. அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, தானியத்தில் இல்லை. எலி பிடித்துத் தின்னும் பூனைக்குக் கவலை குறைவு. எலி ஒழிந்துபோய், நாய்த் தீனியையோ பாலும் சோறும் மட்டுமோ போட்டு வளர்த்தால்தான் ஆபத்து.

குட்டி போட்டால் இன்னும் கவனம் வேண்டும். ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் குட்டிகள் கண் திறக்கும். பீளை கட்டிக் கண் ஒட்டிக்கொண்டால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். தானாகத் திறக்கும் என்று வாரக்கணக்கில் விடக்கூடாது. குட்டிப் பருவத்தில் ஒரு கண் நாள்கணக்கில் மூடிக் கிடந்தால், பின்னால் கண் நன்றாக இருந்தாலும் மூளை அந்தக் கண்ணால் பார்க்கக் கற்றிருக்காது. ஹியூபெல், வீசல் என்ற விஞ்ஞானிகள் இருவரும் பூனைக்குட்டிகளை வைத்து இதைக் காட்டினார்கள்; 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் சந்தேகம் தீராவிட்டால், பூனையின் முன்னால் இரண்டடி தள்ளி ஒரு பஞ்சுத் துணுக்கை மேலிருந்து விழவிடுங்கள். சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆகவே கண்ணால் மட்டுமே அதைத் தொடர முடியும். தலை திரும்பிப் பின்தொடர்ந்தால் பார்வை இருக்கிறது. ஒருமுறை அலட்சியமாக இருந்தால் பயப்படாதீர்கள், வேறொரு நேரத்தில் மறுபடி செய்து பாருங்கள். ஆனால் நல்ல வெயிலிலும் இரண்டு கண்மணியும் விரிந்தபடியே இருந்தாலோ, பழகிய தூணில் முட்டிக்கொண்டாலோ, மூக்கோரத்திலிருந்து வெள்ளைச் சவ்வு கண்ணை மூடிக்கொண்டு நின்றாலோ, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். விழித்திரை கழன்றிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.