கை கேட்கும் கேள்விகள்: கணினி வேலையும் கை வலியும்

கணினி முன் உட்கார்ந்து கை வலியோடு போராடும் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வலி எந்த இடத்தில் வருகிறது என்று துல்லியமாக எழுதியவர்களுக்குப் பதிலும் துல்லியமாகச் சொல்ல முடிந்தது.

கேள்வி (காரைக்குடி): அச்சகத்தில் டி.டி.பி. வேலை. வைகாசி முகூர்த்தங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து, நாளைக்கு ஐந்து மணி நேர வேலை ஒரே வாரத்தில் பத்து மணி நேரமானதில் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி பிடித்துக்கொண்டது. காபி டம்ளரைத் தூக்கினாலே சுருக்கென்கிறது. மவுசை இடது கைக்கு மாற்றினேன். மூன்றே வாரத்தில் இடது முழங்கையும் வலிக்கிறது. முழு ஓய்வு எடு என்கிறார் ஒருவர், ஊசி போட்டுக்கொள் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பதில்: முதலில் ஒரு சின்னச் சோதனை. கையை நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி வையுங்கள். வேறொருவர் உங்கள் நடுவிரலைக் கீழே அமுக்கட்டும், நீங்கள் விடாமல் எதிர்த்துத் தூக்குங்கள். முழங்கையின் வெளிமுண்டில் அதே சுருக் வந்தால், மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைநாண்தான் (தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு) புண்பட்டிருக்கிறது. டென்னிஸ் எல்போ என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

மவுசைப் பிடித்திருக்கும் கையைக் கவனித்துப் பாருங்கள். கிளிக் செய்யாத நேரத்திலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பொத்தானுக்கு மேலே தூக்கியபடியே நிற்கும். அந்தத் தசைக்கு நாள் முழுக்க இறக்கமே இல்லை. தசைநாணில் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் அது தசையைப் போலச் சீக்கிரம் தேறாது. நாளைக்கு ஐந்து மணி நேரம் பழகிய கையை ஒரே வாரத்தில் பத்து மணி நேரத்துக்கு இழுத்ததுதான் வினை. வேலை கூடியதைவிட, திடீரென்று கூடியதே அதிகம் கெடுக்கிறது.

கையை மாற்றியதால் பாரம் குறையவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான். கணினிக்கு நெடுங்காலம் முன்பே, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி இதை எழுதி வைத்திருக்கிறார்: எழுதி எழுதி வலது கை விழுந்துபோன ஒருவர் இடது கையால் எழுதப் பழகினார், சில காலத்தில் அந்தக் கைக்கும் அதே நோய் வந்தது.

எனவே முதலில் பாரத்தைக் குறையுங்கள். விண்டோஸ் மவுஸ் அமைப்பில் சுட்டியின் வேகத்தைக் கூட்டினால் கை நகரும் தூரம் குறையும். அங்கேயே ‘கிளிக்லாக்’ என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இழுக்க வேண்டியதில்லை. பிள்ளையார் படத்தையும் பார்டரையும் இழுத்து இழுத்து வைக்கும் உங்கள் வேலைக்கு இது பெரிய நிம்மதி. புரூஃப் படிக்கும்போது மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தசைநாணைப் பலப்படுத்த வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். முன்கையை மேசைமேல் படுக்க வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை கீழே பார்க்கப் பாட்டிலைப் பிடியுங்கள். மறு கையின் உதவியோடு மணிக்கட்டை மேலே தூக்குங்கள். பிறகு உதவியை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணும் வரை மெல்ல இறக்குங்கள். பதினைந்து முறை, மூன்று சுற்று, நாளைக்கு ஒரு தடவை. செய்யும்போது பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொடருங்கள். சுலபமாகிவிட்டால் முக்கால் லிட்டர், பிறகு ஒரு லிட்டர். குணம் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். பெரும்பாலோர் மூன்றாவது வாரத்தில் “ஒன்றும் தெரியவில்லையே” என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

முழு ஓய்வு தசைநாணை இன்னும் பலவீனமாக்கும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும், ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், போட்டுக்கொண்டவர்களுக்கு வலி திரும்புவதே அதிகம். அவசரப்பட வேண்டாம்.

கேள்வி (புதுவயல்): 46 வயது. ரைஸ் மில்லில் டேலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்து விழிப்பு வருகிறது. உதறினால் கொஞ்ச நேரத்தில் சரியாகிறது. க்ரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தேன், இன்னும் மோசம்.

பதில்: எந்த விரல் மரத்துப்போகிறது என்று அடுத்த முறை விழிக்கும்போது பாருங்கள் அம்மா. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. மணிக்கட்டின் உள்பக்கம் எலும்பும் கெட்டியான நார்ப்பட்டையும் சேர்ந்த ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் போகின்றன. வீங்கினாலோ மணிக்கட்டு மடிந்தாலோ முதலில் நசுங்குவது அந்த நரம்புதான். தூக்கத்தில் கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துக்கொள்வோம், அதனால்தான் ராத்திரியில் வருகிறது. இறுக்கிய பேண்டேஜ் சுரங்கத்தை இன்னும் நெருக்கிவிட்டது.

சுண்டுவிரல் மரத்துப்போனால் கதையே வேறு. அது முழங்கையில் ஓடும் நரம்பு. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுவதையும், கையை மடக்கிக்கொண்டு தூங்குவதையும் நிறுத்த வேண்டும்.

உங்களுக்குத் தேவை மருந்துக்கடையில் கிடைக்கும் ரிஸ்ட் ஸ்பிளிண்ட். இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அதன் உள்ளங்கைப் பக்கம் ஒரு அலுமினியப் பட்டை செருகியிருக்கும். பெரும்பாலும் அது மணிக்கட்டைப் பின்னோக்கி 20, 30 டிகிரி சாய்க்கும்படி வளைந்தே வரும். நரம்புக்கு அழுத்தம் குறைவது மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான். ஆகவே பட்டையை உறையிலிருந்து உருவி, மணிக்கட்டு வரும் இடத்தில் உள்ள வளைவை மேசைமேல் வைத்து அமுக்கி நிமிர்த்தி, திரும்பச் செருகுங்கள். ஒட்டுப்பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். ராத்திரி மட்டும், குறைந்தது ஆறு வாரம், ஒருநாள் விடாமல் போடுங்கள்.

கீபோர்டு மட்டுமே இந்த நோயைக் கொண்டுவருகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. சர்க்கரை, தைராய்டு குறைபாடு, மூட்டுவாதம், கர்ப்பம் எல்லாமே இதற்கு வழிவிடும். உங்கள் வயதில் சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1.சி., தைராய்டுக்கு டி.எஸ்.எச். என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் பார்த்துவிடுவது அவசியம். உண்மையான காரணம் அங்கே ஒளிந்திருந்தால் எந்தக் கீபோர்டை மாற்றியும் பயனில்லை.

வேலையில் செய்ய வேண்டியது: கீபோர்டின் பின்பக்கக் கால்களை மடக்கிவிடுங்கள். எண் பட்டைக்கு அப்பால் இருக்கும் மவுசுக்கு ஒவ்வொரு முறையும் கையை விரிக்காமல் விசைகளிலேயே வேலையை முடியுங்கள். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் உங்களுக்கே தெரிந்திருக்கும். வவுச்சரை ஏற்கும் கன்ட்ரோல்+ஏ-வை இடது கையை மட்டும் முறுக்கி அமுக்காமல், வலப்பக்கக் கன்ட்ரோலை வலது கையாலும் ஏ-வை இடது கையாலும் அமுக்குங்கள். நாளைக்கு இருநூறு வவுச்சர் போடுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பகலிலும் மரப்பு நீடித்தால், சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனால், கட்டைவிரலடிச் சதைமேடு வற்றினால் காத்திருக்கக் கூடாது. நரம்புக் கடத்தல் சோதனை எடுக்க வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. சதை வற்றிய பிறகு அறுவை செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாது.

கேள்வி (கானாடுகாத்தான்): மகனுக்கு வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை. பட்டாலையில், அவனுடைய ஐயா காலத்துக் கணக்குப்பிள்ளை மேசையில் லேப்டாப்பை வைத்துத் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறான். இப்போது கழுத்து, தோள், மணிக்கட்டு எல்லாம் வலி. மேசை ஆகாதா?

பதில்: அந்த மேசை பேனாவுக்குச் செய்தது. சரிவு எழுதுபவரை நோக்கி இருப்பதால் கீபோர்டின் பின்பக்கம் உயர்ந்து, மணிக்கட்டு மேல்நோக்கி மடிகிறது. கட்டை விளிம்பு மணிக்கட்டின் அடியில் அழுத்துகிறது. திரை தாழ்வாக இருப்பதால் கழுத்து குனிகிறது.

மேசையைத் தூக்கிப் போட வேண்டாம், திரைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் அடியில் இரண்டு மூன்று தடித்த புத்தகங்கள், வழுக்காமல் ஒரு ரப்பர் விரிப்பு. தனிக் கீபோர்டும் மவுசும் வாங்கி, மடிமேல் குறுக்கே வைத்த மணைப்பலகையில் வையுங்கள். முதுகுக்குத் தூண் அல்லது சுவர். இப்படியும் அரை மணிக்கு மேல் ஒரே இருப்பில் வேண்டாம், எழுந்து வளவை (வீட்டு உள்முற்றத்தை) ஒரு சுற்று சுற்றி வரட்டும்.

மீதி நேரத்துக்கு நாற்காலி வேண்டும். உட்கார்ந்து தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை டேப்பால் அளந்து பாருங்கள். கீபோர்டு அந்த உயரத்தில் இருக்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ளவருக்குச் சுமார் 60 முதல் 63 செ.மீ. வரும். கடை மேசையோ 75 செ.மீ. இருக்கும். அதனால்தான் தோள் காதை நோக்கி ஏறுகிறது. நாற்காலியை உயர்த்தி, தொங்கும் காலுக்கு அடியில் ஒரு பலகை போட்டால் சரியாகும்.

கேள்வி (பள்ளத்தூர்): ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊர்க் கோயில் வரலாற்றைத் தமிழில் தட்டச்சு செய்கிறேன். ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழாக மாறும் முறை. இடது சுண்டுவிரலில் ஆரம்பித்து முன்கை வரை வலிக்கிறது.

பதில்: உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம் ஐயா. பள்ளத்தூர் என்று அடிக்க அந்த முறையில் 11 விசைகள். ‘ள்ள’வுக்கும் ‘ஊ’வுக்கும் ஷிஃப்டை வேறு அமுக்க வேண்டும். ண, ள, ற, நெடில் வரும்போதெல்லாம் இடது சுண்டுவிரல் ஷிஃப்டில் போய் நிற்கிறது. விரல்களிலேயே பலம் குறைந்தது அதுதான்.

1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் அதே சொல்லுக்கு ப, ள, ள, த, த, ஊ, ர, புள்ளி என 8 விசைகள். ஒரு ஷிஃப்ட் கூட இல்லை. ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் ஷிஃப்ட் வேண்டும். விண்டோஸிலேயே இந்த விசைப்பலகை இருக்கிறது. முதல் இரண்டு வாரம் எரிச்சலூட்டும். தினமும் கால் மணி நேரம் பழகினால் போதும். அதுவரை முதல் படியைக் குரல் தட்டச்சில் சொல்லிவிட்டு, திருத்தத்துக்கு மட்டும் விரலைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (தேவகோட்டை): தைலம் போட்டு அழுத்தி நீவிவிட்டால் குணமாகுமா?

பதில்: தைலச் சூடும் மெல்லத் தடவுவதும் இறுகிய தோளுக்கும் முன்கைச் சதைக்கும் இதம் தரும். மணிக்கட்டின் உள்பக்கத்தையும் முழங்கையின் உள்முண்டையும் அழுத்தி நீவக் கூடாது, அங்கே நரம்பு தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. வீங்கிச் சிவந்து சுடும் இடத்தில் கையே வைக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

கேள்வி (கோட்டையூர்): பகலில் டேட்டா என்ட்ரி, மாலையில் ஓலைக் கொட்டான் பின்னுகிறேன். வலது கட்டைவிரலடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில் குத்துகிறது. கொட்டானை விட்டுவிட வேண்டுமா?

பதில்: கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாயுங்கள். பளீரென்று வலித்தால், கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்களின் உறை தடித்திருக்கிறது. ஸ்பேஸ் விசை, போனில் கட்டைவிரலால் தட்டுவது, ஓலையைக் கிள்ளி இழுப்பது மூன்றும் ஒரே நாணைத்தான் தேய்க்கின்றன.

முதல் மூன்று வாரம் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளிண்டைப் போடுங்கள். சாதாரண மணிக்கட்டு ஸ்பிளிண்ட் இதற்கு உதவாது. ஸ்பேஸை இடது கட்டைவிரலுக்கு மாற்றுங்கள், போனை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்டுங்கள். அந்த மூன்று வாரமும் பின்னலுக்கு விடுப்பு. பிறகு நன்றாக நனைத்து இளக்கிய ஓலையில் பத்து நிமிடம் தொடங்குங்கள். மறுநாள் காலை வலி கூடவில்லை என்றால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள், கூடினால் முந்தைய வார அளவுக்கு இறங்குங்கள். ஆறு வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முழங்கை வலிக்கு வேண்டாம் என்று மேலே சொன்ன அதே ஸ்டீராய்டு ஊசி இந்த உறைக்குள் போட்டால் நன்றாகவே கேட்கும்.