மன அழுத்தக் காலத்தில் தியானம் கைகூடக் கஞ்சா உதவுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருக்கிறீர்கள். அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஊரில் தாயாருக்கு உடல்நிலை சரியில்லை. மூன்று ஆண்டுகளாகத் தவறாமல் செய்துவந்த தியானத்தில் இப்போது பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. பாங்காக்கில் இருக்கும் நண்பர், வார இறுதியில் அங்கே வந்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு உட்கார்ந்தால் மனம் தானாக அடங்கிவிடும் என்கிறார். அது உண்மையா, செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்கு நான் சொல்லப்போகும் முதன்மைக் காரணம் சட்டம் அன்று. ஆகவே சட்டத்தை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி, சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டால், அதை இங்கேயே உட்கொண்டதாகக் கருதி நடவடிக்கை எடுக்கலாம். கஞ்சா அச்சட்டத்தில் 'ஏ' பிரிவுப் பொருள். உட்கொண்டதற்கு 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. தாய்லாந்து 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது உண்மைதான். ஆனால் 2025 ஜூனில் அந்த நாடே, மருத்துவர் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கக்கூடாது என்று திரும்பக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உங்கள் நண்பர் சொல்வது ஒருவேளை அதற்கு முந்தைய பாங்காக்காக இருக்கலாம். இங்கே சோதனைச்சாவடிகளில் 2023 முதல் எச்சில் சோதனைக் கருவியும் வந்துவிட்டது; சிறுநீர்ச் சோதனையும் தலைமுடிச் சோதனையும் முன்பே உள்ளவை. கஞ்சாவின் முக்கியமான வேதிப்பொருளான டிஎச்சி கொழுப்பில் கரைந்து தங்குவது. தொடர்ந்து புழங்குபவரின் சிறுநீரில் அதன் எச்சம் வாரக்கணக்கில் தென்படும். 'சிபிடி (கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் இன்னொரு வேதிப்பொருள்) எண்ணெய்தானே, போதை இல்லையே' என்று மிட்டாயையோ எண்ணெய்க் குப்பியையோ பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதும் இதே வம்பில்தான் கொண்டுபோய் விடும். வேலை போய்விடுமோ என்ற பயத்தைத் தணிக்கப் போய், வேலை, நிரந்தரவாசம், தாயாரைப் பார்க்க நினைத்தபோது விமானம் ஏறும் உரிமை ஆகிய மூன்றையும் ஒரே வார இறுதியில் பணயம் வைப்பது எனக்குக் கணக்காகத் தோன்றவில்லை.

இனி நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன். சட்டத் தடையே இல்லாத ஓர் ஊரில் இருந்தால், அது தியானத்துக்கு உதவுமா?

இதைப் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. சிங்கப்பூருக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, இந்தியாவில், இருபத்தைந்து வயதில், ஏறத்தாழ எட்டு மாதம் நான் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவன். அங்கும் கஞ்சா சட்டவிரோதம்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. திருமணப் பேச்சு முறிந்து, வேலையும் பிடிக்காமல், இரவில் தூக்கம் இல்லாமல் இருந்த காலம். அறைத்தோழர் ஒருவர் அதைச் 'சிவமூலிகை' என்று பயபக்தியோடு சொல்லித்தான் கையில் கொடுத்தார். பெயரில் சிவன் இருந்தது எனக்குப் போதுமான நியாயமாக இருந்தது.

முதல் சில நாள் அது அற்புதமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மூச்சு உள்ளே வருவது ஒரு பெரிய நிகழ்ச்சிபோல் தெரிந்தது. மின்விசிறியின் ஓசைக்குள் நான்கு தனித்தனி ஓசைகள் கேட்டன. மாலையில் மேலாளரிடம் வாங்கிய ஏச்சு எங்கோ யாருக்கோ நடந்ததாகத் தோன்றியது. நடப்பதை விலகி நின்று பார்க்கும் இந்த நிலையைத்தானே முனிவர்கள் சாட்சி பாவம் என்றார்கள் என்று நானே எனக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டேன்.

என்னிடம் அப்போது 108 மணிகள் கொண்ட ஓர் உருத்திராட்ச மாலை இருந்தது. ஒரு மூச்சுக்கு ஒரு மணி தள்ளுவேன். குரு மணி என்னும் பெரிய மணி விரலில் தட்டியதும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி தொடங்குவேன். மாலையைப் பயன்படுத்துவோருக்குத் தெரியும், குரு மணி வந்ததை அறிய எண்ணிக்கையே வேண்டியதில்லை, விரலே சொல்லிவிடும். ஒருநாள் இரவு நீண்ட நேரம் அமர்ந்திருந்ததாகத் திருப்தியோடு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. விரல் நின்றிருந்த இடத்தைப் பார்த்தால், குரு மணியைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு மணிகள் போயிருந்தேன். எப்போது தாண்டினேன் என்று தெரியவில்லை. மறுநாள் புகைக்காமல் உட்கார்ந்து பார்த்தேன். மனம் கண்டபடி அலைந்தது, இருந்தாலும் பெரிய மணி வந்தபோது விரல் நின்றது. அந்த வித்தியாசத்தின் பொருள் உறைக்க எனக்கு இன்னும் ஆறு மாதம் பிடித்தது என்பது வேறு கதை.

நடந்ததன் காரணம் ஒன்றும் மர்மமானதன்று. டிஎச்சி மூளையில் 'சிபி1' என்னும் ஏற்பிகளைப் போய்ப் பற்றுகிறது. அந்த ஏற்பிகள் மிகுதியாக உள்ள இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ்; சற்றுமுன் நடந்ததைப் பிடித்துவைத்துக்கொள்ளும் நினைவுக்கு அது இன்றியமையாதது. கஞ்சாவின் மயக்கத்தில் பேசுபவர் தாம் தொடங்கிய வாக்கியத்தை மறந்துவிடுவதும், காலம் நீண்டு தோன்றுவதும் அறியப்பட்ட விளைவுகள். இப்போது தியானத்தில் நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். மூச்சில் கவனம் வைக்கிறோம்; அது நழுவி ஆட்குறைப்புப் பட்டியலுக்கோ அம்மாவின் மருத்துவ அறிக்கைக்கோ போகிறது; 'அடடா, நழுவிவிட்டது' என்று ஒரு கணத்தில் தெரிகிறது; திரும்புகிறோம். அந்த 'அடடா'தான் பயிற்சியே. எங்கே இருக்க நினைத்தோம் என்ற நினைவு இருந்தால் அல்லவா நழுவியது தெரியும்? பாலியில் 'சதி', வடமொழியில் 'ஸ்மிருதி' என்று தியான மரபு இதற்குக் கொடுத்த பெயருக்கே நினைவு என்றுதான் பொருள். அந்த இடத்தையே மங்கவைக்கும் பொருளை எடுத்துக்கொண்டு தியானத்தில் அமர்வது, மூக்கை அடைத்துக்கொண்டு பூ வாங்கப் போவதுபோல.

அழுத்தத்தைக் குறைக்குமே என்பீர்கள். குறைக்கும், ஒரு வரம்பு வரை. சிகாகோவில் ஆய்வாளர்கள் 42 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், 7.5 மில்லிகிராம் டிஎச்சி எடுத்தவர்களுக்கு மேடையில் பேசவைக்கும் சோதனையின் பதற்றம் குறைந்தது, 12.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கோ சோதனைக்கு முன்பிருந்தே மனநிலை மோசமானது. இரண்டு அளவுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். மாத்திரையில் அளந்து கொடுத்தபோதே இப்படியென்றால், பாங்காக் விடுதி அறையில் நண்பர் சுருட்டிக் கொடுப்பதில் எத்தனை மில்லிகிராம் என்று யார் அளப்பது? ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவர், பழக்கமும் இல்லாதவர், நெஞ்சு படபடக்க 'ஏதோ ஆகப்போகிறது' என்று இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பது அரிதாக நடப்பதன்று. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு போன்ற நோய் இருந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

தொடர்ந்து எடுத்தாலோ வேறு தொல்லை. நான் நிறுத்தியபோது இரண்டு வாரம் எரிச்சல், தூக்கமின்மை, தூங்கினால் கூச்சலிட்டு எழுப்பும் கனவுகள். டிஎச்சி கனவுத் தூக்கத்தை அமுக்கி வைப்பதால், நிறுத்தியதும் அது வட்டியோடு திரும்புகிறது என்பதைப் பின்னர்தான் படித்தேன். அந்த இரண்டு வாரத்தில் நான் சமாளிக்க வேண்டியிருந்தவை இந்தக் கனவுகள் மட்டுமல்ல. எட்டு மாதத்துக்கு முன் இருந்த அதே கவலைகளும் கொஞ்சமும் குறையாமல் அங்கேயே இருந்தன.

மரபைச் சுட்டிக்காட்டுவோருக்கும் ஒரு சொல். காசியில் சிவராத்திரிக்குப் பாங்கு என்னும் கஞ்சா இலை விழுதை அரைப்பதும், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இருப்பதும் உண்மையே. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், கைவல்ய பாதம் என்னும் கடைசிப் பகுதியின் முதல் சூத்திரமே, சித்திகள் பிறப்பாலும் ஔடதத்தாலும் மந்திரத்தாலும் தவத்தாலும் சமாதியாலும் வரும் என்கிறது. 'பார்த்தீர்களா, ஔடதம்!' என்று இதை அனுப்பாத வாட்ஸ்அப் குழு இல்லை. ஆனால் மூலிகையால் வருவதாக அங்கே சொல்லப்படுவது சித்திகள். அவை சமாதிக்கு இடையூறு என்று அதற்கு முந்தைய விபூதி பாதத்திலேயே அவர் சொல்லிவிட்டார். 1992-ல் ஜெரூசலத்தில் வேதியியலாளர் ரபேல் மெக்கூலத்தின் குழு, உடல் தானாகவே உண்டாக்கும், அதே சிபி1 ஏற்பியைத் தொடும் ஒரு பொருளைக் கண்டறிந்து அதற்கு 'ஆனந்தமைட்' என்று பெயரிட்டது. நம் 'ஆனந்தம்'தான் அது. இதையும் கஞ்சாவுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே ஊற்று இருக்கிறது என்பது வெளியே தண்ணீர் வாங்கப் போவதற்கு எப்படிச் சான்றாகும் என்று எனக்கு விளங்கியதில்லை.

சரி, இப்போது நீங்கள் என்ன செய்வது? 2020-ல், சுற்றுப் பயணம் எல்லாம் அடைபட்டிருந்த காலத்தில், என் தந்தையார் திருநெல்வேலியில் மருத்துவமனையில் இருந்தார். யீஷூனில் நாலறை வீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். உங்களைப் போலவே என்னாலும் உட்கார முடியவில்லை. கண்ணை மூடினால் கைப்பேசி அதிர்வதாகவே தோன்றும். அப்போது எனக்குத் தியானம் சொல்லிக்கொடுத்த அம்மையாரிடம் தொலைபேசியில் புலம்பினேன். "ஏன் தம்பி கண்ணை மூடுறீங்க? திறந்து வச்சுக்கிட்டு நடங்க," என்றார். அவ்வளவுதான்.

அதன்பிறகு விடியற்காலை ஐந்தேகாலுக்கு, எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடமைப்பு) புளோக்கின் பொது நடைவழியில், எங்கள் வாசலிலிருந்து மின்தூக்கி வரை நாற்பத்து மூன்று அடி, திரும்பி நாற்பத்து மூன்று அடி என்று நடந்தேன். பாதம் தரையில் படுவதை மட்டும் கவனிப்பது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி முதல் வாரம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டாம் வாரம் தம் பூந்தொட்டிகளை எனக்காகச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். நடை முடிந்ததும் நாற்காலியில் அமர்ந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும் இந்த வேகத்தில் இதயத் துடிப்பு தணிவதற்கு உடலியல் அடிப்படை உண்டு. ஐந்து நிமிடத்தில் தோள் இறங்குவது உங்களுக்கே தெரியும். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அழுத்தக் காலத்தில் பழைய நாற்பது நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு தோற்பதைவிட இது எனக்குச் சரியாகப்பட்டது.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேலும் வராவிட்டால், அல்லது கண்ணை மூடினாலே பதற்றம் ஏறினால், பலதுறை மருந்தகத்துக்குப் (பாலிகிளினிக்) போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலருக்குச் சில காலம் தியானமே பதற்றத்தைக் கூட்டுவதுண்டு. அது உங்கள் பயிற்சியின் குறையன்று. இரவு ஒரு மணிக்குப் பேச ஆள் தேவைப்பட்டால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது. வெட்கப்பட வேண்டியதில்லை, ஆட்குறைப்புக் கடிதம் வருமோ என்று காத்திருக்கும் இரவில் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

நண்பரைப் பார்க்கப் பாங்காக் போக வேண்டும் என்று தோன்றினால் போய்ச் சாப்பிட்டுப் பேசிவிட்டு வாருங்கள். அந்த அறையில் மற்றவர் புகைக்கத் தொடங்கினால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். மாலை வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்குவதானால் தேக்காவில் (லிட்டில் இந்தியா) பூசைப் பொருள் விற்கும் கடைகளில் 27 மணி மாலை கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 108 மணி மாலையை நான் இன்னும் வைத்திருக்கிறேன், ஆனால் இந்த ஆண்டு முழுவதும் சட்டைப் பையில் இருப்பது அந்தச் சின்ன மாலைதான். எம்ஆர்டி ரயிலில் யீஷூனிலிருந்து அங் மோ கியோ வருவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது.