கொலஸ்ட்ரால் மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே, ஆரம்பிக்கலாமா?

மொத்தக் கொலஸ்ட்ரால் 262, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 182, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 38, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 210. வயது 44. சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை. அப்பாவுக்கு 53 வயதில் ஹார்ட் அட்டாக். டாக்டர் அடோர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை 20 மி.கி. எழுதிக் கொடுத்தும், "ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது" என்று ஆபீசில் யாரோ சொன்னதைக் கேட்டு அட்டையைப் பிரிக்காமலே வைத்திருக்கிறீர்கள். கேள்வி இதுதானே?

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுவேன். நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டைக்காரன், துறைமுகத்தில் ஒரு தனியார் கம்பெனியில் டேலி கிளார்க். இந்த வகை மாத்திரையைப் பல வருடமாகப் போட்டுக்கொண்டிருப்பவன், போட ஆரம்பித்த நாளிலிருந்து இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன். அவ்வளவுதான் என் தகுதி.

எனக்கும் உடம்பில் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. கம்பெனியில் எல்லோருக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் 190-ஐ ஒட்டி வந்தது. என் அம்மா அதை நம்பவே இல்லை. "ஏன்டா நைனா, எலும்பும் தோலுமா கெடக்குற, உனக்கு எங்கருந்துடா கொலஸ்ட்ரால் வரும்?" என்றார். ஆனால் என் அப்பாவும் ஒல்லிதான். ஹார்பரில் மூட்டை தூக்கியவர், உடம்பில் ஒரு சுற்றுச் சதை கிடையாது. 51 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லுக்கும் தொப்பைக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரிக்கிறது. சாப்பாட்டில் வருவது அதைவிடக் குறைவு. எவ்வளவு தயாரிப்பது, ரத்தத்தில் இருப்பதைக் கல்லீரல் எவ்வளவு திரும்ப எடுத்துக்கொள்வது என்பதெல்லாம் பெருமளவு பரம்பரையாக வருவது. அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் என் கண்ணுக்கு முதலில் பட்டது 182 இல்லை, அப்பாவின் அந்த 53. ஆண்களுக்கு 55-க்கு முன் இதய நோய் வந்தால் அதை முன்கூட்டியே வந்ததாகத்தான் டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள், பிள்ளைகளின் ரிஸ்க் கணக்கிலும் அதைச் சேர்ப்பார்கள்.

மாத்திரை என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். கல்லீரல் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் தயாராவதற்கு ஒரு நொதி வேண்டும். அடோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் அதைத் தடுக்கின்றன. உள்ளே சரக்கு குறைந்ததும் கல்லீரல் செல் தன் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகளை அதிகமாக உண்டாக்கி, ரத்தத்தில் இருப்பதை இழுத்துக்கொள்ளும். ரிப்போர்ட்டில் எண் இறங்குவது இதனால்தான். அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தையே முதலில் கண்டெடுத்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானியர். ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1970-களின் தொடக்கத்தில் அரிசியில் வளர்ந்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையில் இந்தச் சரக்கைப் பிடித்தார். "இங்கிலீஷ் மருந்துன்னாலே கெமிக்கல்" என்பவர்களிடம் இதை நான் ஆசையாகச் சொல்வதுண்டு. அவர் நோபல் வாங்காமலே 2024-ல் இறந்துபோனார். 1987-ல் அமெரிக்காவில் இந்த வகையின் முதல் மாத்திரை விற்பனைக்கு வந்தது. 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, இது எண்ணை மட்டுமல்ல சாவையும் குறைக்கிறது என்று காட்டியது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க டாக்டர்கள் இதைத் தயங்காமல் எழுத ஆரம்பித்தார்கள்.

சரி, ஆயுசு விஷயம். இதற்கு உடம்பு அடிமையாவதில்லை. நிறுத்தினால் கை நடுங்காது, தூக்கம் கெடாது. சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கு ஏறிவிடும், அவ்வளவுதான். மாத்திரை போடும்வரை அந்த நொதி தடைபடும், விட்டால் பழையபடி வேலை செய்யும். அதனால் பெரும்பாலானவர்கள் நீண்ட காலம் போட வேண்டியிருக்கும் என்பது நிஜம், அதை மறைக்கவில்லை. ஆனால் 182 என்பதும் நீண்ட காலத்துக்கு இருக்கப்போகிற எண்தானே? ரத்தக்குழாயில் அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. எத்தனை வருடம், எவ்வளவு எல்டிஎல் என்று இரண்டும் சேர்ந்துதான் படிகிறது. ஆபீசில் சொன்னவர் இந்தப் பக்கத்து ஆயுசைக் கணக்கில் எடுக்கவில்லை.

இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ரிஸ்க் குறைவானவர்களுக்கே எல்டிஎல் 100-க்குக் கீழ், ரிஸ்க் அதிகம் இருந்தால் 70-க்குக் கீழ், மிக அதிகம் என்றால் 55-க்குக் கீழ் என்பது அதன் இலக்கு. நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று உங்கள் டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். அடோர்வாஸ்டாட்டின் 20 சராசரியாக எல்டிஎல்லை 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் இறக்கும். அப்படிப் பார்த்தால் 182 உங்களுக்கு 105 பக்கம் வரலாம். அது போதவில்லை என்றால், அளவை இரட்டிப்பாக்கினால் பாதியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 6 சதவீதம் போல்தான் கூடுதலாகக் குறையும். அதனால் சில டாக்டர்கள் அளவை ஏற்றாமல் எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள். ஒன்றாக இருந்தது இரண்டானதும் நோய் முற்றிவிட்டது என்று கலங்க வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்தேன், தைராய்டு பார்த்தார்களா? தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனை பார்க்காமல் இருந்தால் அதையும், கூடவே கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி, சர்க்கரைக்கான எச்பிஏ1சி இரண்டையும் ஆரம்பத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே சர்க்கரை எல்லையில் நிற்பவர்களுக்கு ஸ்டாட்டின் அதைக் கொஞ்சம் மேலே தள்ளலாம். அப்படி இருந்தும் இதயத்துக்குக் கிடைக்கும் லாபம் பெரிது என்பதால் மாத்திரையைத் தொடரத்தான் சொல்கிறார்கள்.

சாப்பாட்டிலேயே குறைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் முயன்றேன். வடசென்னையில் அது லேசான காரியம் இல்லை, தம்பி. பீச் ஸ்டேஷன் பக்கம் போனால் எண்ணெயும் வறுத்த பூண்டும் போட்டுப் பிசைந்த அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ், புளியந்தோப்பு பக்கம் திரும்பினால் பீஃப் பிரியாணி, வேலை முடிந்து வரும் வழியெல்லாம் பஜ்ஜிக் கடை. வீட்டிலோ ரேஷன் பாமாயில். பாமாயிலில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அதில் பாதிகூட இல்லை, நல்லெண்ணெயில் இன்னும் குறைவு. என் வீட்டம்மாவிடம் எண்ணெயை மாற்றலாம் என்றதும், "ஏங்க, மாத்தலாம், மாசச் செலவையும் நீங்களே பாத்துக்கறீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் பொரிப்பதைக் குறைத்தோம், தாளிப்புக்குக் கடலை எண்ணெய் என்று ஆனது. காசிமேட்டில் வாங்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் வறுவலிலிருந்து குழம்புக்கு மாறின. மீன் நல்லதுதான், ஆனால் அதன் கொழுப்பு டிரைகிளிசரைடைத்தான் குறைக்கும், எல்டிஎல்லை அவ்வளவாக அசைக்காது. முட்டையைப் பார்த்து நடுங்குபவர்கள் அதைப் பொரிக்கும் எண்ணெயைப் பற்றி யோசிப்பதில்லை. உணவைத் திருத்தினால் எல்டிஎல் பத்துப் பதினைந்து சதவீதம் இறங்கலாம்; 182 பெருமுயற்சிக்குப் பிறகு 160 ஆகும். வெந்தயம், பூண்டு, மருதம்பட்டை என்று யார் எதைச் சொன்னாலும் இந்தக் கணக்கை வைத்து அளந்து பாருங்கள். உங்கள் டிரைகிளிசரைடு 210-க்கு மட்டும் சாப்பாடும் நடையும் நன்றாகவே கேட்கும். குடிப்பழக்கம் இருந்தால் அதுவும் அங்கேதான் ஏறும்.

இனி எல்லோரும் பயப்படுகிற தசை வலி. எனக்கு வந்தது. அடோர்வாஸ்டாட்டின் ஆரம்பித்துச் சில வாரங்களில் இரண்டு தொடையிலும் இழுத்துப் பிடித்த மாதிரி வலி. டாக்டரிடம் சொன்னேன். தசை சிதைகிறதா என்று காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தார், நார்மல். "கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க சார், அப்புறம் வேற ஒண்ணு தர்றேன்" என்றார். வலி போனது. பிறகு அதே வகையில் இன்னொன்றான ரோசுவாஸ்டாட்டினை 5 மி.கி.யில் தொடங்கி 10-க்கு வந்தேன், இன்றுவரை வலி இல்லை. முதல் வலி மாத்திரையாலா, அந்தச் சமயம் நைட் ஷிஃப்டில் யார்டு முழுக்க நடந்ததாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. லண்டனில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகச் சோதித்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேரை எடுத்து, சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லாமல் என்று ஒரு வருடம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தொந்தரவுக்கு அவர்களே தினமும் மதிப்பெண் போட வேண்டும். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8. நிஜ மாத்திரைக்கு 16.3. வெற்று மாத்திரைக்கு 15.4! வலி பொய் இல்லை, நிஜமாகவே வலித்திருக்கிறது. ஆனால் பெரும்பகுதி மாத்திரை போடுகிறோம் என்ற நினைப்பில் வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பின் அவர்களில் பாதிப் பேர் மறுபடி மருந்தைத் தொடங்கினார்கள்.

அதற்காக எல்லா வலியும் மனப்பிரமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எழுந்து நிற்க முடியாத அளவுக்குத் தசைத் தளர்ச்சி, கடும் வலி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது, இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தசை சிதைந்து கிட்னியைப் பாதிக்கும் நிலை அது. மிக அபூர்வம், ஆனால் உண்டு.

அந்த அபூர்வம் பெரும்பாலும் வேறொரு மருந்தோடு சேரும்போதுதான் நெருங்கி வரும். நம் ஊர் வேர்வைக்கு இடுப்பில் படர்தாமரை வராதவர் யார்? அதற்கு இட்ராகோனசோல் எழுதுவார்கள். நெஞ்சுச் சளிக்கோ, வயிற்றுப் புண் கிருமிக்கோ கிளாரித்ரோமைசின் எழுதுவார்கள். இரண்டுமே அடோர்வாஸ்டாட்டினை ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், "கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை போடுறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். பம்ப்ளிமாஸ் பழத்தையும் அதே காரணத்துக்காக நான் அடோர்வாஸ்டாட்டின் காலத்தில் தள்ளியே வைத்தேன். ரோசுவாஸ்டாட்டினுக்கு வேறொரு தொல்லை: அல்சருக்குக் குடிக்கிற ரோஸ் கலர் ஜெல் மருந்தைக் கூடவே குடித்தால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்க வேண்டும்.

அடோர்வாஸ்டாட்டினை எந்த நேரத்திலும் போடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் மறக்காது. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அந்த எண்ணைத் தவிர இந்த மாத்திரை வேலை செய்கிறது என்று உணர்த்த உடம்பில் எதுவும் நடக்காது. நடக்காமல் இருப்பதுதான் அதன் வேலை, அதனாலேயே பலர் அலுத்து விட்டுவிடுகிறார்கள்.

செலவு உறுத்தினால் ஸ்டான்லியிலோ பெரியார் நகர் அரசு மருத்துவமனையிலோ பதிந்து வாங்கலாம். 2025 பிப்ரவரியில் ஆரம்பித்த தமிழக அரசின் முதல்வர் மருந்தகங்களிலும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், கம்பெனிப் பெயர் இல்லாத மலிவான ஜெனரிக் மாத்திரை கிடைக்கும். ஸ்டென்ட் வைத்த பக்கத்து வீட்டுக்காரர் "எனக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரைதான்" என்று ஓர் அட்டையை நீட்டினால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்தே இருக்கலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் அவை, உங்களுக்கு யாரும் எழுதித் தராதவை. மெடிக்கலிலும் அவசரத்தில் "அண்ணே, இதுவும் அதே மாத்திரதான்" என்று வேறு அட்டையைத் தருவது உண்டு. அட்டையைத் திருப்பி, மருந்தின் பெயரும் மி.கி.யும் சீட்டில் இருப்பதுதானா என்று கடையில் நின்றே பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.