வழிப்போக்கக் கல்லும் விண்கலக் கதையும்: கேள்வி பதில்

பள்ளிக்கூட மைதானங்களில் தொலைநோக்கி வைத்துப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுவது என் இருபது வருடப் பழக்கம். அறிவியல் புனைகதை வாசிப்பது அதைவிடப் பழைய பழக்கம். இரண்டைப் பற்றியும் கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எந்த விண்வெளிச் செய்தியைப் பார்த்தாலும் தூரம் எவ்வளவு, எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று முதலில் தேடிப் பாருங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

மதுரை வாசகர்: சார், 3ஐ அட்லஸ் பூமிமேல் மோதுமா? வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

மோதாது. 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த வால்நட்சத்திரம் அது; நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த வழிப்போக்கன். பூமிக்கு மிக அருகில் வந்தது டிசம்பர் 19 அன்று. அன்றைக்கும் நமக்கும் அதற்கும் இடையே 27 கோடி கிலோமீட்டர். சூரியனே 15 கோடி கிலோமீட்டரில்தான் இருக்கிறது. வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறது, இனித் திரும்பாது. அம்மாவிடம் சொல்லுங்கள், நிம்மதியாகத் தூங்கட்டும்.

சேலம் கல்லூரி மாணவி: ஐயா, ஒரு சிறுகதை எழுதுகிறேன். நாயகி பிராக்சிமா நட்சத்திரத்துக்குப் போய்த் திரும்புகிறாள். மூன்று நான்கு வருடத்தில் போய்ச் சேர்ந்தாள் என்று எழுதினால் தப்பா?

தப்பே இல்லை அம்மா. கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பிராக்சிமா 4.24 ஒளியாண்டு தூரம், அதாவது ஒளியே போய்ச் சேர 4.24 வருடம் ஆகும். 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் போனால் எழுபதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். ஆனால் கதைதானே, நல்ல எஞ்சின் ஒன்றைக் கொடுங்கள். பூமியில் நாம் உணரும் எடையே கலத்துக்குள்ளும் இருக்கும்படி, அதாவது ஒரு ஜி முடுக்கத்தில், பாதி தூரம் வேகம் கூட்டிக்கொண்டே போகட்டும். பிறகு கலத்தைத் திருப்பி மீதிப் பாதியில் அதே அளவு குறைக்கட்டும். ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்கக் கலத்துக்குள் காலம் மெதுவாக ஓடும். ஆகவே கலத்தில் இருப்பவளுக்கு ஏறக்குறைய மூன்றரை வருடம் ஆகும். பூமியில் அதற்குள் ஆறு வருடம் ஓடியிருக்கும்.

இங்கேதான் உங்கள் கதை இருக்கிறது. போய் இறங்கியதும் "வந்துவிட்டேன்" என்று ரேடியோவில் சொல்கிறாள். அந்தக் குரல் வீட்டுக்கு வர இன்னும் 4.24 வருடம். எட்டு வயது மகளை விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால், அந்தச் சேதி கேட்கும்போது மகளுக்குப் பதினெட்டு. உடனே திரும்பினால் அம்மாவுக்கு ஏழு வயது கூடியிருக்கும், மகளுக்குப் பன்னிரண்டு. வில்லன், வேற்றுக்கிரகவாசி எதுவுமே தேவையில்லை. அந்த ஐந்து வருட வித்தியாசத்தை வாசல்படியில் வைத்து எழுதுங்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், ஆசையாகப் படிப்பேன்.

நெல்லை வாசகர்: விண்வெளிச் சண்டையில் வெடிச்சத்தம் கேட்குமா?

கேட்காது. ஒலியைச் சுமந்து வர அங்கே காற்று இல்லை.

யாழ்ப்பாண வாசகர்: ஆர்தர் சி. கிளார்க் எங்கள் நாட்டில் வாழ்ந்தவர். செயற்கைக்கோளைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்கிறார்களே, உண்மையா?

அப்படிச் சொன்னால் கொஞ்சம் கூடிவிடும். பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கலம், பூமி சுழலும் அதே கதியில் சுற்றுவதால், நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். அப்படி மூன்று கலங்களை நிறுத்தினால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் கட்டுரை எழுதினார். அந்தப் பெருமை அவருடையது. 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008இல் காலமாகும்வரை அங்கேயே இருந்தார். எனக்குப் பிடித்தது 1975இல் நடந்தது. ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக இந்தியாவில் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. அதே ஒளிபரப்பைப் பிடிக்க, இந்தியப் பொறியாளர்கள் கொழும்பில் அவர் வீட்டிலேயே ஆண்டெனா அமைத்துக் கொடுத்தார்கள். முப்பது வருடத்துக்கு முன் தாளில் எழுதியதைத் தன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்க எத்தனை எழுத்தாளர்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?

கோவை பொறியாளர்: சார், 2017இல் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த ஓமுவாமுவா என்ற பொருள் விண்கலம்தான் என்பது என் கருத்து. வால் இல்லை, ஆனால் வேகம் கூடியது. ஒரு ஹார்வர்டு பேராசிரியரே சொல்லியிருக்கிறார். ஏன் மறைக்கிறார்கள்?

யாரும் மறைக்கவில்லை. அளவுகள் எல்லாம் அச்சில் வந்தவை. 2017 அக்டோபர் 19 அன்று ஹவாயில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியில் சிக்கியது. அதற்கு ஐந்து நாள் முன்பே நமக்கு மிக அருகில் வந்து தாண்டிவிட்டது. சில வாரங்கள்தான் நன்றாகப் பார்க்க முடிந்தது. அது சுழலச் சுழலப் பிரகாசம் ஏறக்குறைய பத்து மடங்கு ஏறி இறங்கியது, ஆகவே நீண்டோ தட்டையாகவோ இருக்க வேண்டும். சூரிய ஈர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏதோ ஒன்று அதை வெளியே தள்ளியதும் உண்மை. அந்தத் தள்ளலுக்கு ஒளியின் அழுத்தம் காரணமாகலாம், அப்படியானால் அது ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய, கப்பல் பாய் போன்ற விரிப்பாக இருக்கலாம் என்று நீங்கள் சொல்லும் ஹார்வர்டு பேராசிரியர் ஏவி லோபும் ஷ்முவேல் பியாலியும் 2018இல் எழுதினார்கள். அவர்கள் வைத்தது ஒரு சாத்தியம். நீங்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டீர்கள்.

கோவை பொறியாளர்: அப்படியானால் 2020 எஸ்ஓ? அதையும் சூரிய ஒளி தள்ளியது. கடைசியில் மனிதன் செய்த ராக்கெட் என்று தெரிந்தது. ஒளி தள்ளினால் செய்பொருள் என்று அதுவே காட்டுகிறதே.

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். ஆனால் அதை எப்படி உறுதி செய்தார்கள் என்று பாருங்கள். ஒளி தள்ளியது சந்தேகத்தைத் தந்தது. சுற்றுப்பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது 1966இல் நிலாவுக்குச் சர்வேயர் 2 கலத்தை ஏவிய சென்டார் ராக்கெட் என்று தோன்றியது. அதோடு விடவில்லை. அதன் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவை எடுத்து, விண்வெளியில் இருக்கும் இன்னொரு பழைய சென்டாரின் நிறமாலையோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. பிறகுதான் அறிவித்தார்கள். ஓமுவாமுவாவில் அந்தக் கடைசிப் படி நமக்குக் கிடைக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். வால் எதுவும் தெரியாமலே இப்படித் தள்ளப்படும் சிறு பொருள்கள் நம் சூரியக் குடும்பத்திலேயே இருக்கின்றன. 2024 வரை பதினான்கு கண்டுபிடித்திருக்கிறார்கள். பனிக்குள் அடைபட்ட ஹைட்ரஜன் வெயிலில் கசிந்தால், தூசியே கிளம்பாமல் இந்தத் தள்ளல் வரும் என்று 2023இல் பெர்க்னர், செலிக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தப் பதினான்கையும் விண்கலம் என்பீர்களா?

திருச்சி வாசகர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கோவை நண்பர் கேட்பதில் என்ன தவறு? கண்டங்கள் நகர்கின்றன என்று வெகனர் சொன்னபோதும் ஏற்க மறுத்தார்களே!

கேட்பதில் தவறே இல்லை. வெகனரை உதாரணம் காட்டுவதில்தான் எனக்கு வருத்தம். கடலடியின் காந்தப் பதிவு கிடைத்த பிறகு அவர் கருத்து ஏற்கப்பட்டது. ஏளனத்துக்கு ஆளானதற்காக யாரும் அதை ஏற்கவில்லை.

கோவை பொறியாளர்: சரி சார். என்ன கிடைத்தால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி. உலோகத்தைக் காட்டும் நிறமாலை. அல்லது இயற்கையில் வராத, மிகக் குறுகிய அலைவரிசைக்குள் அடங்கிய ரேடியோ சைகை. ஓமுவாமுவாவை 2017 டிசம்பரில் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியால் கேட்டுப் பார்த்தார்கள், எதுவும் இல்லை. அல்லது நடுவழியில் வேண்டுமென்றே பாதை திருப்புவது. இதில் ஒன்று வந்தாலும் போதும். சிலியில் ரூபின் ஆய்வகத்தின் 8.4 மீட்டர் தொலைநோக்கி 2025இல் முதல் படங்களைத் தந்துவிட்டது. அடுத்த வழிப்போக்கனை அது உள்ளே வரும்போதே பிடித்தால் மாதக்கணக்கில் அளக்கலாம். அன்றைக்கு நான் சொல்வது தப்பென்று தெரிந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுபவன் இருக்க மாட்டான்.

தஞ்சை வாசகி: கே2-18பி கிரகத்தில் உயிர் இருக்கிறதாமே?

இன்னும் தெரியாது. 124 ஒளியாண்டு தூரம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கித் தரவில் டைமெத்தில் சல்பைடு வாயுவின் தடம் தெரிவதாக, கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் குழு 2025 ஏப்ரலில் அறிவித்தது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்பாசிகள் உண்டாக்குகின்றன. ஆனால் அந்தத் தடம் தற்செயலாக வந்திருக்க ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு உண்டு. இந்தத் துறையில் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போனால்தான் கண்டுபிடிப்பு என்பார்கள். உயிரே இல்லாத 67பி வால்நட்சத்திரத்திலும் அதே வாயு கிடைத்திருக்கிறது.

சென்னை வாசகர்: 3ஐ அட்லஸ் மோதுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஈரோடு வாசகர்: சனிப்பெயர்ச்சி யாருக்கு ஆகாது?

ஜோதிடம் என் துறை இல்லை.

ராமநாதபுரம் ஆசிரியை: ஐயா, பிள்ளைகளுக்குச் சனிக் கோளைக் காட்ட வேண்டும். என்ன தொலைநோக்கி வாங்கலாம்?

முதலில் 10x50 பைனாகுலர் வாங்குங்கள் டீச்சர். நிலாவின் குழிகளும் வியாழனின் நிலவுகளும் அதிலேயே தெரியும். ஆனால் சூரியன் பக்கம் ஒரு நொடிகூடத் திருப்பக் கூடாது. முறையான வடிகட்டி இல்லாமல் பார்த்தால் பார்வை போய்விடும். பகலில் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

சனியின் வளையத்துக்குத் தொலைநோக்கிதான் வேண்டும். 2025இல் வளையம் விளிம்பாகக் கோடுபோலத் தெரிந்தது, இப்போது மெல்ல விரிகிறது. கண்ணாடிக்குள் ஒரு மிளகைவிடச் சிறிய மஞ்சள் மணி, குறுக்கே ஒரு இழை. முதல்முறை பார்க்கும் பிள்ளை தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கும், மறுபடி குனிந்து உள்ளே பார்க்கும். உங்கள் பள்ளிக்கு என் தொலைநோக்கியைக் கொண்டு வருகிறேன். நிலா இல்லாத சனிக்கிழமை எது தோது என்று சொல்லுங்கள்.

ஓசூர் வாசகர்: சார், 3ஐ அட்லஸ்...

27 கோடி கிலோமீட்டர், தம்பி.